ஜெர்சிக்கு முன்னால் ஸ்கோர் ஷீட்

ஒரு வீரரின் ஜெர்சி எண்ணை இனி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கும் வழக்கம் இந்தியாவுக்கு அண்மையில்தான் வந்தது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கையோடு விடைபெற்ற ஹாக்கி கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷின் 16-ஐ ஹாக்கி இந்தியா அவருக்கே விட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஹாக்கி வீராங்கனை ராணி ராம்பாலின் 28-க்கும் அந்த மரியாதை கிடைத்தது. கிரிக்கெட்டில் நடந்தது வேறு. 2017இல் கொழும்பில் தன் முதல் ஒருநாள் போட்டியை ஆடிய ஷர்துல் தாக்கூர் 10-ஆம் எண்ணை அணிந்து இறங்கினார். சச்சின் எண்ணை எப்படிப் போடலாம் என்று நாடு முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த எண்ணைத் தொடக்கூடாது என்று அதுவரை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. விதி இல்லாத இடத்தில் கூட்டத்தின் உணர்ச்சியே விதியாகிவிடுகிறது. அடி வாங்குவது இளைய ஆட்டக்காரர்.

ஸ்ரீஜேஷுக்கும் சச்சினுக்கும் மரியாதை செய்ய யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கல்லூரி மைதானத்துக்கு வந்தால்தான் கேள்வி கடினமாகிறது. ஒரு கல்லூரிக் கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சில நூறு பேர் இருப்பார்கள். தொலைக்காட்சியில் அது வந்ததில்லை. மறுநாள் செய்தித்தாளில் அணியின் பெயரும் புள்ளிக்கணக்கும் ஒரு வரியாக வந்தால் பெரிது. மூன்றாண்டுகள் ஆடிவிட்டு அவர் வேலைக்குப் போய்விடுகிறார். அவரை அந்தக் கல்லூரி நினைவில் வைத்திருக்க வேண்டுமா? வேண்டும் என்பதே என் கட்சி. யாரை, எதற்காக என்பதில்தான் நாம் கறாராக இருக்க வேண்டும்.

திருநெல்வேலி டவுனைத் தாண்டிப் பேட்டைப் பக்கம் வந்தால் இந்த வட்டாரத்தின் படிப்பு வரைபடத்தில் பெரும்பகுதி கண்ணில் பட்டுவிடும். ம.தி.தா. இந்துக் கல்லூரி, அரசு ஐ.டி.ஐ., காந்திநகரில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, இன்னும் மேற்கே அபிஷேகப்பட்டியில் 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆற்றைக் கடந்தால் பாளையங்கோட்டையில் தூய யோவான், தூய சவேரியார், சாரா தக்கர், சதக்கத்துல்லா அப்பா கல்லூரிகள். பழைய மாணவரை நினைப்பதில் கஞ்சத்தனம் காட்டுகிற ஊர் அல்ல இது. பாரதி படித்த இந்துக் கல்லூரிப் பள்ளியின் வகுப்பறையை வெளியூர்க்காரர்களுக்குப் பெருமையோடு காட்டுகிறோம். புதுமைப்பித்தன் இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர் என்பதைச் சொல்லாமல் இங்கே ஓர் இலக்கியக் கூட்டம் முடிவதில்லை. எழுதியவர்களிடம் காட்டும் இந்த அன்பு ஆடியவர்கள் பக்கம் ஏன் திரும்பவில்லை என்பதே என் ஆதங்கம்.

இத்தனைக்கும் கூடைப்பந்து கல்விக்கூடத்தில் பிறந்து கல்விக்கூடம் வழியாகவே நம்மிடம் வந்த ஆட்டம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக இதை உருவாக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வெளியேறியவர்கள் மாவட்டந்தோறும் பி.டி. மாஸ்டர்களாகவும் பிசிகல் டைரக்டர்களாகவும் போனார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் சிமென்ட் கோர்ட்டுகளுக்குப் பின்னால் அந்தப் பரம்பரை இருக்கிறது. யார் எப்படி ஆடினார் என்ற நினைவும் பெரும்பாலும் அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. ஒரு பிசிகல் டைரக்டர் ஓய்வு பெற்றால் முப்பதாண்டு வரலாறு அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது நம் கல்லூரிகளில் ஏன் வழக்கமாகவில்லை என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. 2014 வரை சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஓர் அணி 4 முதல் 15 வரையான எண்களையே அணிந்தது. பன்னிரண்டு ஆட்டக்காரர்கள், பன்னிரண்டு எண்கள். நம் கல்லூரிகளும் அதே கணக்கில்தான் ஜெர்சி தைத்தன. அந்தச் செட் ஆட்டக்காரருடையதும் அல்ல, கல்லூரியுடையது. போட்டிக்கு முன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், முடிந்ததும் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏழாம் எண்ணைப் போன வருடம் போட்டவர் வேறு, இந்த வருடம் போடுபவர் வேறு. இந்த நிலையில் ஓர் எண்ணை எடுத்து மாட்டிவைத்தால் பதினொன்றுதான் மிஞ்சும். 2014க்குப் பிறகு 0, 00, 1 முதல் 99 வரை எதையும் போடலாம் என்றாகிவிட்டது. ஆக, பழைய தடை இப்போது இல்லை. ஆனாலும் எண்ணை முடக்குவது நமக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். பெயரை மாட்டிவைப்போம், எண் ஓடிக்கொண்டிருக்கட்டும். முதலாண்டு மாணவி ஒருத்தி ஓர் எண்ணை அணியும்போது, இதைப் போட்டு ஆடியவர் யார் என்று சுவரில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்த எண்ணுக்கு உயிர் இருக்கிறது என்று பொருள்.

அமெரிக்கக் கல்லூரிகள் இந்த விஷயத்தில் நமக்கு மூத்தவை. அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகம் இரண்டு படிகள் வைத்திருக்கிறது. எண்ணுக்கே ஓய்வு என்பது மேல்படி. அதற்கு நாட்டின் அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் என்ற விருதைப் பெற்றிருக்க வேண்டும். மைக்கேல் ஜோர்டானின் 23, ஜேம்ஸ் வொர்தியின் 52, பில் ஃபோர்டின் 12 போன்ற மிகச் சிலவே அந்தப் படியில் உள்ளன. அடுத்த படியில் ஜெர்சி கூரையில் தொங்கும், எண் மற்றவர்களுக்கும் கிடைக்கும். டியூக் பல்கலைக்கழகமோ ஆட்டத்தோடு இன்னொன்றையும் கேட்கிறது. பட்டம் பெற்றிருக்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்ட நட்சத்திரங்கள் பலரின் ஜெர்சி அங்கே தொங்குவதில்லை.

டியூக்கின் விதி நமக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்துக்கொண்ட மாணவரைக் காலை, மாலை கோர்ட்டில் நிறுத்திவிட்டு, தேர்வு நேரத்தில் தென்மண்டலப் போட்டிக்கு ரயிலேற்றிவிட்டு, கடைசியில் கையில் ஆறு அரியரோடு அனுப்பிவைப்பது துரோகம். பட்டம் பெற்றவருக்கே சுவரில் இடம் என்று எழுதிவைத்தால் அந்த விதி மாணவரைவிடக் கல்லூரியைத்தான் அதிகம் கட்டுப்படுத்தும். தன் மிகச் சிறந்த வீரரைச் சுவரில் ஏற்ற முடியாமல் ஒரு கல்லூரி வெட்கப்பட்டால், அடுத்த வீரருக்குச் சிறப்பு வகுப்பு வைக்கும். அதோடு, முதுகலையில் ஓராண்டு சேர்ந்து ஒரு கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த கல்லூரிக்குப் போகிறவரையும், மூன்றாண்டும் ஒரே கோர்ட்டில் வியர்வை சிந்தியவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தங்கப் பதக்கம் முன்னவரிடம் இருக்கலாம். சுவர் பின்னவருக்கு உரியது.

இப்போது எல்லாவற்றையும்விடச் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். சிறந்த ஆட்டம் என்பதை எதைக் கொண்டு அளப்பது? அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரி ஆட்டத்துக்கும் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பிளாக் என்று தனித்தனிக் கணக்கு இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஸ்கோர் ஷீட் ஒன்றுதான். அந்தத் தாளில் யார் எத்தனை புள்ளி போட்டார், யாருக்கு எத்தனை ஃபவுல், எப்போது டைம் அவுட் என்பது இருக்கும். பந்தைப் பிடுங்கியவர் இருக்க மாட்டார். வளையத்திலிருந்து தெறித்த பந்தை இரண்டு பேருக்கு நடுவே தாவி எடுத்தவர் இருக்க மாட்டார். எதிரணியின் முதன்மை ஆட்டக்காரரை நாற்பது நிமிடமும் நிழல்போல் ஒட்டிநின்று அடக்கியவர், அந்த வேலைக்காகவே வாங்கிய நான்கு ஃபவுல்களாகத்தான் தாளில் தெரிவார். இந்தத் தாளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், நம் சுவர்களில் புள்ளி போட்டவர்கள் மட்டுமே தொங்குவார்கள்.

பில் ரஸ்ஸலை எடுத்துக்கொள்ளுங்கள். 1955, 1956 ஆகிய இரு ஆண்டுகளும் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரிச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பிறகு பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 13 பருவங்களில் 11 பட்டங்கள். அவருடைய பெருமை பந்தை வளையத்தில் போட்டதில் இல்லை, எதிராளி போட விடாமல் தடுத்ததில். அவர் தடுத்த பந்துகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. பிளாக்குகளை எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான், அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அவர் மறைந்த 2022இல் என்.பி.ஏ. அவருடைய 6-ஆம் எண்ணுக்கு எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுத்தது. அந்த லீகின் வரலாற்றில் வேறு யாருக்கும் அது கிடைத்ததில்லை. எண்ணப்படாத வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அது. அவருடன் ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பெருமை நிலைத்தது.

அதனால் நான் முன்வைக்கும் விதி இது. ஒருவர் பெயரைச் சுவரில் ஏற்ற வேண்டுமானால், அவர் காலத்தில் எதிர்த்து ஆடிய வேறு கல்லூரி வீரர்கள் குறைந்தது மூவர் அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். சொந்தக் கல்லூரிக்காரர்கள் பாசத்தில் பேசுவார்கள், நிர்வாகம் பதக்கத்தைப் பார்த்துப் பேசும். எதிரணியில் நின்று அவரிடம் தோற்றவர்களுக்குத்தான் அவர் யார் என்பது உடம்பில் பதிந்திருக்கும். பேட்டைக்காரருக்குப் பாளையங்கோட்டைக்காரர் சாட்சி சொல்லட்டும். பாளையங்கோட்டைக்காரருக்கு நாகர்கோவில்காரரும் தூத்துக்குடிக்காரரும் சொல்லட்டும்.

இந்த விதியை நான் வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பேசாமல் இந்த மாவட்டத்தில் யார் பெயரையும் எந்தச் சுவரிலும் எழுத முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி அடையாளத்தை நீக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. கயிற்றின் நிறத்தைப் பார்த்து ஆளை அறிகிற வளாகங்களில் மாணவர்கள் ஒரே நிறத்தில் நிற்கிற இடம் கோர்ட். அங்கே பன்னிரண்டு பேரின் முதுகிலும் கல்லூரியின் பெயர்தான் இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து ஆடினால்தான் பந்து வளையத்துக்குப் போகும். பக்கத்தில் நிற்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துப் பாஸ் கொடுக்கிறவன் தோற்பான். இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோர்ட்டின் சுவரில் ஏறும் பெயர்கள் மீது சாதிக் கணக்கு விழுந்துவிட்டால் எல்லாம் பாழ். முதல் பெயர் எழுதப்பட்ட அன்றே, அவர் எந்தத் தெரு, எந்த ஆள் என்று விசாரணை தொடங்கும். அடுத்த ஆண்டு எங்கள் ஆளையும் போடுங்கள் என்று ஒரு கூட்டம் வரும். இதற்கு அஞ்சித்தான் பல இடங்களில் யாரையுமே நினைக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அச்சம் நியாயமானது. ஆனால் மறதி அதற்கு மருந்தாகாது. பெயர்கள் பேச்சில் அடிபடுவதற்கு முன்பே விதிகளை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். எத்தனை ஆண்டு ஆடியிருக்க வேண்டும், பட்டம் வேண்டுமா, எத்தனை சாட்சிகள், யார் முடிவு செய்வார்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், பிறகு வரும் சிபாரிசுக்கு அந்தத் தாளைக் காட்டலாம். சுவரில் பெயரும் ஆடிய ஆண்டுகளும் மட்டும் இருக்கட்டும். நன்கொடை கொடுத்து கோர்ட் அமைத்தவருக்கு நன்றிப் பலகை தனியாக வைக்கலாம். அந்த இரண்டு பலகைகளும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது.

கல்லூரியை விட்டதும் ஆட்டக்காரரின் பெயர் வேலை கொடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவது தமிழ்நாட்டுக் கூடைப்பந்தின் இன்னொரு துயரம். தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., காவல்துறை என்று அணிகள் இருப்பதால்தான் இந்த ஆட்டம் இங்கே பிழைத்திருக்கிறது. அதற்கு நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடும் பெரிய ஆறுதல். அதே சமயம், பெரியகுளத்தில் ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்கும் சிறுவனுக்கு வங்கியின் பெயரும் ரயில்வேயின் பெயரும்தான் தெரிகின்றன. அந்த வீரர் எந்தக் கல்லூரியின் வெயிலில் காய்ந்தார் என்பது தெரிவதில்லை.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டனானவர். 2001 முதல் 2017 வரை ஆசியக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் விடாமல் ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். சங்கனாச்சேரியில் கல்லூரி படித்து, தெற்கு ரயில்வேக்காகச் சென்னையிலிருந்து ஆடிய கீத்து அன்னா ஜோஸ், 2011இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் தேர்வு முகாம்களுக்குப் போய்வந்தார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார். இந்த இரு பெயர்களையும் நம் மாவட்டத்துக் கல்லூரி மாணவிகள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் 1990 பிப்ரவரியில் முதன்முதலாகக் கூடைப்பந்து எண்களுக்கு ஓய்வு கொடுத்தபோது கரீம் அப்துல் ஜப்பார், பில் வால்டன் ஆகியோரோடு ஆன் மேயர்ஸ், டெனிஸ் கர்ரி என்ற இரு பெண்களையும் அதே நாளில் ஏற்றியது. முதலில் ஆண்கள், இடமிருந்தால் பெண்கள் என்ற வரிசை அங்கே இல்லை. இருபாலர் படிக்கும் கல்லூரி எதுவும் இங்கே இந்த வேலையைத் தொடங்கினால், முதல் நாளிலேயே ஆணும் பெண்ணும் சமமாக ஏற வேண்டும். அரைக்கால் சட்டை போட்டு ஆட அனுப்ப மாட்டோம் என்று சொன்ன வீட்டைச் சமாளித்து, இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்ற கவலையோடு பயிற்சி செய்த பெண் எட்டிய தூரத்தை, அதே மைதானத்தில் இரவு விளக்கு அணையும் வரை ஆடிய ஆணின் தூரத்தோடு ஒப்பிடும்போது புள்ளிக்கணக்கு மட்டும் போதாது.

எப்போது ஏற்றுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அயோவா பல்கலைக்கழகம் கெய்ட்லின் கிளார்க்கின் 22-க்கு, அவர் கல்லூரியை விட்ட ஓராண்டுக்குள், 2025 பிப்ரவரியில் ஓய்வு கொடுத்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஆண், பெண் இருபாலரிலும் மிக அதிகப் புள்ளி போட்டவர் அவர். அங்கே அவசரத்துக்கு நியாயம் உண்டு. நாம் பத்தாண்டு காத்திருக்கலாம். பத்தாண்டு கழித்தும் எதிரணிக்காரர்கள் ஒருவரை நினைக்கிறார்கள் என்றால் அந்த ஆட்டம் உண்மையானது. தேர்வுக் குழுவில் பழைய வீரர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். விழா மேடைக்குப் பிரமுகரை அழைப்பதை யாரும் தடுக்கவில்லை. பெயரைத் தேர்ந்தெடுக்கும் அறையில் அவருக்கு வேலையில்லை.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் குழுவும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டுக்கும் மூலத்தோடு நகல்களும் எழுதப்படுகின்றன. ஒரு நகல் அணியின் கைக்கு வருகிறது. அது பெரும்பாலும் ஒரு பையின் அடியில் கிடந்து, பழைய தாளோடு தாளாகப் போய்விடுகிறது. பிசிகல் டைரக்டர்களே, அந்தத் தாளின் பின்பக்கத்தில் அன்றைய ஆட்டத்தில் யார் நன்றாகத் தடுத்தார், யார் பந்தை எடுத்துக் கொடுத்தார் என்று இரண்டு வரி எழுதி, வருட முடிவில் பைண்ட் செய்து கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். பல்கலைக்கழகம் தன் கீழுள்ள கல்லூரிகள் அத்தனைக்கும் இதை ஒரு சுற்றறிக்கையில் கட்டாயமாக்கலாம். பழைய வீரர்களே, வீராங்கனைகளே, உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் அணிப் புகைப்படத்தையும் சான்றிதழையும் நகலெடுத்து, படத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் பின்னால் எழுதி, உங்கள் கல்லூரிக்குக் கொடுங்கள். பெயர்களைச் சொல்லக்கூடிய பழைய பி.டி. மாஸ்டர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தக் கல்வியாண்டுக்குள் அவர்களைப் போய்ப் பாருங்கள்.